வடக்குச் சுவர்

என் வீட்டு வடக்குச் சுவரின் முன்னால் விழுந்து கும்பிட்டவர்கள் எல்லோரும், அதற்கு ஒரு வருஷம் முன்பு என் வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்தான். தூ! நினைத்தாலே வாயில் எச்சில் சேருகிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்கிறவர்களுக்குக் குமட்டினால் அதற்கு நான் பொறுப்பில்லை. எனக்கும் குமட்டிக்கொண்டுதான் இருந்தது.

என் பெயர் முனியம்மாள். பொம்மிடி ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ரயில் ஊதுவது அடுப்படி வரைக்கும் கேட்கிற தூரத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் சென்றாயன் சுண்ணாம்புக் காளவாயில் கல் சுட்டவர். புகை குடித்துக் குடித்து நெஞ்சு வெந்து, யுத்தத்துக்கு முன்னால் முப்பத்தைந்தாம் வருஷமே இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். எனக்கு மிஞ்சியது ஒற்றை அறை வீடும் ராமக்கா என்ற ஒரே பெண்ணும்தான். நான் வெள்ளையடிக்கிற வேலைக்குப் போனேன். பொங்கலுக்கு முன்னாலும் மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாலும் கடத்தூர் வரைக்கும் கூப்பிடுவார்கள். ஒரு சுண்ணாம்புப் பானை, கற்றாழையை நசுக்கி நார் பிரித்த மட்டை ஒன்று, வெள்ளை பளிச்சென்று தெரியச் சிட்டிகை நீலம். சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும், அடியில் செம்மண் பட்டை ஓட வேண்டும். எனக்குத் தெரிந்த சித்திரம் அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் என் கொழுந்தன் தீர்த்தகிரி. இந்த ஆளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பர்மா அரிசி நின்றுபோய் ஊரே கேழ்வரகுக்கு அலைந்துகொண்டிருந்தது. அப்போது அம்மை குத்துகிற ஆள் ஊருக்கு வந்தான். நான் அன்று கடத்தூரில் ஒரு புளி மண்டிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். தீர்த்தகிரி என்ன செய்தான் தெரியுமா? ராமக்காவைச் சோளக்காட்டுக்குள் போய் உட்காரச் சொல்லிவிட்டு, "இந்த வூட்ல யாரும் இல்லீங்க" என்று கைகூப்பி அந்த ஆளை அனுப்பிவிட்டான். சாயங்காலம் நான் வந்து கேட்டேன்.

"ஊசி குத்துனா ஆத்தா கோவிச்சுக்குவாங்க அண்ணி. ஊருக்கே ஆவாது" என்றான்.

ஊருக்கு ஆயிற்று. என் பெண்ணுக்குத்தான் ஆகவில்லை.

பங்குனியில் ராமக்காவுக்கு அம்மை வார்த்தது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண். வடக்குச் சுவரோரம் வாழையிலை விரித்துப் படுக்க வைத்தேன். உடம்பில் விரல் வைக்க இடமில்லாமல் முத்து போட்டிருந்தது. முத்தாம்! சீழ்க்கொப்புளத்துக்கு இந்த ஊர் வைத்திருக்கிற பெயரைப் பாருங்கள். அரிப்பு தாங்காமல் எழுந்து உட்கார்ந்து தோளையும் முதுகையும் சுவரில் வைத்துத் தேய்ப்பாள். நான் அரைத்துப் பூசிய மஞ்சளும் வேப்பிலையும், உடைந்த கொப்புளத்தின் சீழும் எல்லாமாகச் சுவரில் ஒட்டும். அந்த நாற்றத்தை வேப்பிலை போட்டு மூடலாம் என்று சொன்னவன் எவனோ அவன் வாயில் மண் விழ. பிறகு அம்மை கண்ணுக்குள் இறங்கியது. இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. நட்டநடுப் பகலில் கேட்பாள்.

"எம்மா, வெளக்கு வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன் கண்ணு."

"அப்பறம் ஏம்மா இருட்டாவே இருக்குது?"

நான் எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு வருவேன்.

ஊர்ப் பெண்கள் வாசலுக்கு வெளியே எட்டி நின்றார்கள். தீர்த்தகிரி எங்கள் தெருப்பக்கமே வராமல் கொல்லை வழியாகப் போய்வந்தான். எதிர்வீட்டு நஞ்சம்மாள் மட்டும் தினமும் வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புத்தி சொன்னாள்.

"அழுவாத முனியம்மா. ஆத்தா வெளையாடற வூட்ல கண்ணுத்தண்ணி உழக் கூடாது. அழுத வூட்ல ஆத்தா நிக்க மாட்டா. கோவிச்சுக்கினு எறங்கிட்டான்னா ஊரையே வாரிக்கினு போயிடுவா."

இவளுடைய மூத்த மகனும் சில வருஷம் முன்பு இப்படித்தான் போனான். அன்றைக்கு இவளையும் அழ விடவில்லை. தான் விழுங்கியதையே எனக்கும் ஊட்டிவிட வந்தாள்.

ராமக்கா போனாள். செத்தாள் என்று சொல்லக் கூடாதாம். குளிர்ந்தாள் என்று சொல்ல வேண்டுமாம். மேளமில்லை, ஒப்பாரியில்லை. வேப்பிலையில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்தார்கள். என் பக்கத்தில் ஆள் நிறுத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்கே அழுதுவிடுவேனோ என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு விடவில்லை. அந்த அழுகை வயிற்றிலேயே தங்கிப் புளித்துப்போயிற்று. அதற்குப் பிறகு சோற்றைக் கண்டால் குமட்டல், ஆளைக் கண்டால் குமட்டல். மாரியம்மன் கோயில் மணி கேட்டால் எழுந்து வெளியே ஓடிப்போய் வாந்தி எடுப்பேன்.

வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டுமே. வடக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அவள் சாய்ந்திருந்த இடம் ஈரத்தில் சிவந்து, காயக் காய மஞ்சளாகி மேலே வந்துவிட்டது. மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது. இத்தனை வருஷம் ஊரான் வீட்டுக் கறையை எல்லாம் மறைத்தவள், என் வீட்டுக் கறையை மறைக்க முடியாமல் முழித்தேன். தோள் உயரத்துக்கு ஒரு பெரிய மஞ்சள், அதற்குக் கீழே இழுத்துத் தேய்த்த ஒரு நீளம். பார்க்கப் பார்க்க வயிறு புரட்டியது. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், பொட்டலத்திலிருந்த நீலம் முழுவதையும் சுண்ணாம்பில் கொட்டிக் குழைத்து, கையாலேயே அள்ளி அந்த மஞ்சளின் மேல் அப்பினேன். "தொலை, தொலை" என்று திட்டிக்கொண்டே அப்பினேன்.

கை வலித்த பிறகுதான் விலகிவந்து பார்த்தேன். மஞ்சள் தொலையவில்லை. நீலத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ஆனால் இப்போது அது கறையாக இல்லை. நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் இருந்தது, அவ்வளவுதான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் வைத்த களி அடிப்பிடித்து நாறியது. அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரமாக எனக்குக் குமட்டவே இல்லை என்று.

மறுநாள் நீலத்துக்குக் கீழே செம்மண் வைத்தேன். சே, கண்றாவி! சந்தைக்கடை மாதிரி இரைச்சல். சுரண்டிப் போட்டுவிட்டு விளக்குக்கரியைக் கருவேலம் பிசினில் குழைத்து மெல்லிசாக இழுத்தேன். சுவர் அடங்கியது. அப்படி ஆரம்பித்தது. வெள்ளையடிக்கப் போன இடத்திலெல்லாம் என் கண் வேறு எதையோ தேடியது. செங்கல் தூள், மாட்டுக் கொம்புக்குப் பூசுகிற பச்சை, எது கிடைத்தாலும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். ஒரு திட்டு வைத்துவிட்டுப் பல நாள் சும்மா பார்ப்பேன். பிறகு இன்னொன்று. ஒரு சிவப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பக்கத்து வெள்ளை மூச்சு விடுவது தெரியும். ஐம்பது வயதில் இந்தப் பைத்தியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் கறாராக வைத்திருந்தேன். அது எதைப் போலவும் ஆகக் கூடாது. கைதவறி ஒரு திட்டு குருவி மாதிரி ஆனால் உடனே சுரண்டிவிடுவேன். இலை மாதிரி, குடம் மாதிரி, எது மாதிரி ஆனாலும் எனக்கு அருவருப்பாக இருக்கும். முகம் என்றால் கேட்கவே வேண்டாம். பொம்மிடிக் கடைகளில் தொங்குகிற சாமி படங்களைப் பார்த்தால், கன்னமெல்லாம் வழவழவென்று, அம்மை கிம்மை ஒன்றும் வராத அந்தக் கன்னத்தில் ஒரு அறை விடலாமா என்று தோன்றும்.

பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ரேஷனுக்குத் தலை எண்ண வந்த கோவிந்தன் வாத்தியார் கதவருகே நின்று கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஆங்! கண்டுபுடிச்சிட்டேன் முனியம்மா. அங்க பாரு, மான் ஒண்ணு திரும்பிப் பாக்குது."

"மானும் இல்ல மண்ணும் இல்லீங்க. தலைய எண்ணிட்டுப் போங்க" என்றேன்.

அவர் போன பிறகு எனக்கும் அந்த மான் தெரிந்து தொலைத்தது. அதை அழிக்க ஒரு வாரம் ஆயிற்று. பாவி மனுஷன்.

சித்தேரி மலையிலிருந்து தேனும் புளியும் கொண்டுவந்து விற்கிற செல்லி மட்டும்தான் உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னாள். குழந்தைகளுக்குப் பொட்டு வைக்கிற வேங்கைப் பாலை அவளிடம்தான் வாங்குவேன். காய்ந்தால் கறுஞ்சிவப்பாகிற அந்தப் பிசினுக்கு ஈடாக எந்தச் சிவப்பும் கிடையாது. செல்லி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரை ஒரு பார்வை பார்த்தாள். இது என்ன என்று கேட்கவில்லை.

"அந்தக் கீழ்மூலைதான் இன்னும் கம்மியா இருக்குது அக்கோவ்" என்றாள்.

எனக்கும் அங்கேதான் உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வெற்றிலை போட்டோம்.

அந்த ஒரு வருஷம் நான் சாப்பிட்டேன், தூங்கினேன். காலையில் எழுந்து கதவைத் திறந்ததும் வெளிச்சம் அந்தச் சுவரில் விழும். அதைப் பார்க்கத்தான் எழுந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. இந்த உலகத்தில் எனக்குக் குமட்டாத ஒரே இடம் அந்தச் சுவர்தான்.

அடுத்த பங்குனியில் ஊரில் மறுபடி அம்மை கண்டது. நஞ்சம்மாளின் சின்னவனுக்கு உடம்பு கொதித்தது. அவள் வேப்பிலை கேட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். எங்கள் கொல்லை மரம்தான் பெரிய மரம். வந்தவள் வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தாள். சுவரிலிருந்த மஞ்சளும் கறுஞ்சிவப்புப் புள்ளிகளும் அவள் கண்ணில் பட்டன. அவ்வளவுதான், தடாலென்று விழுந்தாள்.

"ஆத்தா! தாயே! உடம்பெல்லாம் முத்தா வந்து நிக்கிறியே! எம் புள்ளைய உட்டுடு ஆத்தா!"

"ஏ நஞ்சம்மா, எந்திரி. அது ஆத்தா இல்ல. நான் பூசனது" என்றேன்.

காதிலேயே வாங்கவில்லை. மடியிலிருந்த குங்குமத்தை எடுத்து என் நீலத்தின் நடுவில் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது கையைப் பிடித்து இழுக்க மனம் வரவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அவள் சின்னவனுக்கு லேசாகப் போட்டு இறங்கிவிட்டது. ஊர் முழுக்கப் பேச்சு. முனியம்மா வூட்டுச் செவுத்துல ஆத்தா எறங்கியிருக்கா!

வந்தார்கள் பாருங்கள். மூக்கைப் பொத்தியவர்கள், எட்டி நின்றவர்கள், கொல்லை வழியாகப் போனவர்கள் எல்லோரும் இப்போது நடுவீட்டில். ராமக்கா தண்ணீர் கேட்டபோது உள்ளே வராத கால்கள், அவள் படுத்திருந்த இடத்தை மிதித்துக்கொண்டு நின்றன. மஞ்சள் தண்ணீரை மொண்டு மொண்டு சுவரில் ஊற்றினார்கள். கரி ஒழுகிச் சுண்ணாம்பில் கோடு கோடாக இறங்கியது. தேங்காய்த் தண்ணீர் தரையில் புளித்தது. மிதிபட்ட வாழைப்பழத்தில் ஈ மொய்த்தது. கற்பூரப் புகையில் என் வெள்ளைகள் எல்லாம் பழுப்பேறின. வாசலில் சேவல் அறுத்து இரத்தத்தை என் நிலைப்படியில் தடவினார்கள். உவ்வே! என் வீடு எனக்கே கசாப்புக்கடை ஆகிவிட்டது.

கத்தினேன். கத்தாமல் இருப்பேனா?

"போங்கடி வெளிய, நாய்ங்களா! இத்தினி நாளா எங்க போயிருந்தீங்க?"

கும்பல் அப்படியே காலில் விழுந்தது. பூசாரியாகத் தன்னைத் தானே ஏற்படுத்திக்கொண்டிருந்தவன் வேறு யார், தீர்த்தகிரிதான். உடுக்கையும் மணியுமாக முன்னால் வந்து விளக்கம் சொன்னான்.

"ஆத்தா கோவமா இருக்கா! இத்தினி நாளா கூழு ஊத்தலியேன்னு கேக்கறா!"

திட்டினால் அருள்வாக்கு. காறித் துப்பினால் பிரசாதம். ஒருத்தி என் எச்சிலை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். நான் எதைச் சொன்னாலும் அது ஆத்தா சொன்னதாகிவிட்டது. முனியம்மாள் என்று ஒருத்தி பேசுவதற்கு அந்த ஊரில் வாயே இல்லாமல் போயிற்று.

ஊர்க்கவுண்டர் பச்சியப்பனிடம் போனேன். கெட்ட மனுஷர் இல்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"அது சாமி இல்லீங்க கவுண்டரே. என் கையால நான் பூசனது. நீங்களாவது சொல்லுங்க."

"நீ பூசனியா, உன் கைய வெச்சு ஆத்தா பூசனாளா? உனக்கென்னா தெரியும்?"

"நீலம் நான்தானுங்க கரைச்சேன்."

"சரி, சாமி இல்லன்னா அது என்னா? பூவா? மரமா? சொல்லு."

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கா ஒரு வருசமா குந்திப் பூசன?"

எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வேன்? அவர் அதோடு அது முடிந்தது என்று மேலே பேசினார். வெள்ளிக்கிழமை ஆத்தாவுக்குக் கண் வைக்கப் போகிறார்கள். சேலத்திலிருந்து வெள்ளிக் கண்மலர் வந்தாயிற்று. எங்கள் பக்கத்தில் வெறுங்கல்லாக இருந்தாலும் இரண்டு கண்ணை ஒட்டிவிட்டால் அது தெய்வம். அதற்குப் பிறகு அதை யாரும் தொட முடியாது, அங்கே குடியிருக்கவும் முடியாது.

"ஆத்தா இருக்கற எடத்துல அடுப்பு மூட்டக் கூடாது முனியம்மா. தீர்த்தகிரி மாட்டுக்கொட்டாய் பக்கமா உனக்கு ஒரு கொட்டாய் போட்டுத் தருவான். ஒண்ணும் கொறை இல்லாம பாத்துக்குவோம்."

வெள்ளிக்கிழமையோடு சுவர் போய்விடும். காலையில் எழுந்து பார்க்க எனக்கு ஒன்றும் இருக்காது. தீர்த்தகிரியின் மாட்டு மூத்திர நாற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, என் பெண்ணைச் சோளக்காட்டில் ஒளித்தவன் அவள் செத்த இடத்தில் மணியாட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவர்கள் கண் வைப்பதற்குள் நானே முழுச் சுவருக்கும் வெள்ளையடித்துவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். தீர்த்தகிரி எனக்கு முன்னால் யோசித்துவிட்டான். சுண்ணாம்புப் பானை இல்லை, மட்டையும் இல்லை.

"காப்பு கட்டியாச்சு அண்ணி. இனிமே இந்த வூட்ல சுண்ணாம்பு ஆவாது. கொட்டாய்ல பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சிரித்தான். வெற்றிலைக்காவி ஏறிய அந்தப் பல்லைப் பார்க்கவே எனக்குச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. வீட்டுக்குள் மூச்சு விட இடமில்லை. வேர்வை, கற்பூரம், மல்லிகைப்பூ, எண்ணெய்த் தலை, எல்லாம் கலந்த நாற்றம். சுவருக்கு முன்னால் அகல் விளக்குகளை வரிசையாக ஏற்றியிருந்தார்கள். நஞ்சம்மாள் பிழைத்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். என்னைப் புதுப்புடவை உடுத்தி ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். ஆத்தா பேசுகிற வாய் அல்லவா நான்! தீர்த்தகிரி தேன்மெழுகை உருக்கி வெள்ளிக் கண்களின் முதுகில் தடவினான். எங்கே ஒட்டுவது என்று ஒரு கணம் தேடினான். நீலத்தையும் மீறித் தோள் உயரத்தில் மறுபடி ஊறி வந்திருந்த பெரிய மஞ்சளுக்குள், இரண்டு கறுஞ்சிவப்புத் திட்டுகளின் மேல், ஒன்று பக்கத்தில் ஒன்றாக அழுத்தினான். பிறகு விலகினான்.

அங்கே ராமக்கா இருந்தாள்.

ஒரு வருஷமாக எந்த முகமும் வந்துவிடக் கூடாது என்று சுரண்டிச் சுரண்டி வைத்திருந்தேனே, அந்த இடத்தில் என் மகள் முகம். மஞ்சள் பூசிய கன்னம், அதன் மேல் உடைந்தும் உடையாமலும் கொப்புளங்கள், ஒழுகிய கரியில் கலைந்த தலைமயிர், எல்லாம் அதனதன் இடத்தில். கண் மட்டும் அவளுக்கு இல்லாத கண். திறந்த கண், வெள்ளி போட்டு மினுக்குகிற கண். சாகும்வரை திறக்காத அந்தக் கண்ணை இந்தப் பயல் மெழுகு வைத்துத் திறந்துவிட்டான். வாந்தி எடுக்கத்தான் வாயைத் திறந்தேன்.

வாந்தி வரவில்லை.

"எம் பொண்ணே! ராமக்கா! வெளக்கு வெச்சிட்டியா, வெளக்கு வெச்சிட்டியான்னு கேட்டியே! வெச்சிட்டாங்கடி! ஊரே வந்து வெச்சிருக்குதுடி! இப்பவாவது தெரியுதாடி உனக்கு?"

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. மாரில் அடித்துக்கொண்டேன். உடுக்கை நின்றது. ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் பதறினார்கள்.

"அழுவறா! ஆத்தா முன்னால அழுவறா! ஐயையோ, வாய மூடுங்க!"

என்னவெல்லாமோ திட்டியும் போகாத கும்பல் இரண்டு சொட்டுக் கண்ணீரைப் பார்த்ததும் வாசலுக்கு முட்டிமோதியது. இவர்களை விரட்டுவது அழுகைதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. நிறுத்துவேனா? நிறுத்த நினைத்தாலும் அது நிற்கிற அழுகையும் இல்லை. தீர்த்தகிரி பாய்ந்துவந்து என் வாயைப் பொத்தினான். கையைக் கடித்தேன். உப்பும் மெழுகும் குங்குமமுமாக ஒரு கேவலமான ருசி. அவன் அலறிக்கொண்டு கையை உதறினான்.

"சோளக்காட்டுல ஒளிச்சு வெச்சியேடா பாவி! ஊசி போடாத வெச்சியேடா! ஆருடா கோவிச்சுக்கினாங்க? எம் பொண்ணுதான் போனா!"

முன்வரிசையில் நஞ்சம்மாள் ஓடாமல் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த மகனை மார்போடு அழுத்தியிருந்தாள். வாய் கோணியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் தாங்கவில்லை. முந்தானையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சில வருஷம் முன்பு போன மூத்தவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவ்வளவுதான். பின்னால் ஒருத்தி, வாசலில் ஒருத்தி. வாய்விட்டு அழாமல் பிள்ளைகளைப் புதைத்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை பேரும் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பச்சியப்பக் கவுண்டர் தெருவில் நின்றபடி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இது சாவு வூடு ஆயிடிச்சு. ஆத்தா இனிமே நிக்க மாட்டா. எல்லாரும் போயித் தலைக்கு ஊத்திக்கினு வூட்டுக்குள்ள போங்க."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் தங்கள் நிலைப்படி தாண்டுவதில்லை. ஊரே கிணற்றடிக்கு ஓடியது. தீர்த்தகிரி மணியையும் உடுக்கையையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கடிபட்ட கையோடு முதல் ஆளாகக் குளிக்கப் போனான். தீட்டுப்பட்ட கண்ணை அவர்கள் எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. நானே நகத்தால் நெம்பிப் பிடுங்கி, வாசலில் கிடந்த தேங்காய் ஓடுகளோடு எறிந்தேன்.

கண்ணை எடுத்த பிறகும் முகம் போகவில்லை. அதுதான் அவர்கள் எனக்குச் செய்த பெரிய அநியாயம். ஒருமுறை பார்த்துவிட்ட முகத்தை எப்படிப் பார்க்காமல் இருப்பது? நேரே தீர்த்தகிரியின் மாட்டுக்கொட்டாய்க்குப் போய் என் பானையையும் மட்டையையும் எடுத்துவந்தேன். தரையைக் கழுவினேன். பிறகு என் ஒரு வருஷத்தையும் நானே வெள்ளையடித்து மூடினேன். நீலம், கரி, செல்லியின் வேங்கைப் பால், கடைசியாக நிறைந்திருந்த அந்தக் கீழ்மூலை, எல்லாவற்றையும் மூடினேன். மட்டையை இழுக்க இழுக்கக் கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. வயிறு மட்டும் அமைதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மஞ்சள் மேலே வந்தது. அதே இடம், தோள் உயரம். வரும் என்று தெரியும். பொட்டலத்தில் மிச்சமிருந்த நீலத்தைக் கரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. நஞ்சம்மாள். மூக்கைப் பொத்தவில்லை. கும்பிடவும் இல்லை.

"இந்த வாட்டி என்னா போடப் போற?"

"தெரியல. வெளிச்சத்த மறைக்காத, தள்ளி நில்லு."

தள்ளி நின்றாள். போகவில்லை. நான் முதல் திட்டை வைத்துவிட்டு விலகிவந்து பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"எங்க வூட்லயும் அந்த மாதிரி இருக்குது முனியம்மா" என்றாள். "பெரியவன் படுத்திருந்த எடம். எத்தினி வாட்டி வெள்ள அடிச்சும் போவல. பாக்க முடியலன்னு அதும் மேல சாமி படம் ஒண்ணு மாட்டி வெச்சிருக்கேன்."

நான் மட்டையைப் பானையின் விளிம்பில் வழித்தேன். இந்த நீலம் இரண்டு சுவருக்குக் காணாது. பொம்மிடியில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"போயி மொதல்ல அந்தப் படத்தக் கழட்டு" என்றேன்.